இன்னும் ஒரு கல்லு இருக்குது

“இழுக்காதடா, தோலு உரியுது!”

சூளை வாசலில் மாட்டிக்கொண்டு கத்தினான் கொளஞ்சிநாதன். வலது கால் உள்ளே, இடது கால் வெளியே, நடுவில் தொப்பை. வாசல் ஓரத்தில் மூளி விழுந்த கல் ஒன்று தொப்பையைக் கீறிக்கொண்டிருந்தது. கையில் பலகை, பலகை மேல் இன்னும் சுடாத கொலு பொம்மைகள். தோல் போனால் வளர்ந்துவிடும். பொம்மை மூக்கு போனால் போனதுதான்.

வெளியே நின்று இழுத்தவன் அன்புச்செல்வன். கொளஞ்சியின் பொண்டாட்டி சுபாஷினிக்குக் கூடப்பிறந்த தம்பி. சூளைக்குக் கொத்தனார். கொளஞ்சி உள்ளே போய் பொம்மைகளை அடுக்கிவிட்டு வெளியே வந்ததும், வாசலைக் கல் வைத்து அடைத்து மண் பூசுவது அவன் வேலை.

“மண்ணே சூளைக்குள்ள போனா சுருங்குது. நீ மட்டும் வருஷா வருஷம் உப்புறியே மாமா!”

பொம்மை யூனிட்டே சிரித்தது. முதலாளி பழமலைநாதன்கூட வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

ஒரு வழியாக வெளியே வந்து விழுந்தான் கொளஞ்சி. சட்டையில் பொத்தான் இல்லை. மானமும் இல்லை.

“டேய் அன்பு, பக்கத்துக்கு ஒரு கல்லு எடுத்து வாசலை அகலமாக்கிடுடா.”

“அதெல்லாம் ஆவாது. வாசலு ஒழுங்காத்தான் இருக்குது. நீதான் சரியில்ல.”

முதலாளி அன்பைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அவன் தலையை ஆட்டிவிட்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான்.

“என்னடா சொன்னாரு?”

“கார்த்திகை விளக்குக்குச் சூளை போடுவோம்ல? அதுக்குள்ள நீ இந்த வாசல்ல நுழையற மாதிரி ஆவணுமாம். இல்லன்னா வேற ஆளு பாப்பாராம். அதுவரைக்கும் நான் அடுக்குறேன். நீ வெளிய நின்னு எடுத்துக் குடு.”

சூளை அடுக்குவதைத் தவிர கொளஞ்சிக்கு வேறு வேலை தெரியாது.

சர்க்கரை ஏறுது, உடம்பைக் குறைன்னு டாக்டர் சொல்லிக்கொண்டேதான் இருந்தார். சுபாஷினி அழுதும் பார்த்துவிட்டாள். “நாளையிலேர்ந்து” என்பான். அந்த நாளை, பஸ் ஸ்டாண்டு புரோட்டா கடை வரைக்கும்தான் தாங்கும்.

அன்று வூட்டுக்குப் போனதும் தட்டைத் தள்ளினான்.

“சோத்தைப் பாதியாக்கு. காய் வை.”

சுபாஷினி அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். “காய்ச்சல் ஒண்ணும் இல்லியே?”

வண்டியை வூட்டிலேயே விட்டுவிட்டு வேலைக்கு நடந்தான். டீயில் சர்க்கரை போச்சு. சால்னா வாசம் வரும் இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடினான். “ஏண்ணே, நம்ம கடை மேல எதுனா கோவமா?” என்று புரோட்டா மாஸ்டர் ரோட்டுக்கே வந்து கேட்டார்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டான். அன்பைத்தான் தாங்க முடியவில்லை.

சூளை காலியாகும்போதெல்லாம் அன்பு அவனை வாசலில் நிறுத்தி, எங்கே இடிக்கிறது, தொப்பை இன்னும் எத்தனை கல் அகலம் குறையணும் என்று பார்ப்பான். பிறகு செங்கல்லைத் தூக்கி எல்லோருக்கும் காட்டுவான்.

“இன்னும் ரெண்டு கல்லு இருக்குது மாமா!”

ஒரு நாள் பசி தாங்காமல் கொளஞ்சி ஒரு மசால்வடையை வாயருகே கொண்டு போனான். எங்கிருந்தோ வந்த அன்பு அதைப் பிடுங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டான். மென்றுகொண்டே சொன்னான்: “உப்பு கம்மி. உனக்குப் புடிக்காது.”

“உன் தம்பி மனுஷனே இல்லடி” என்று வூட்டில் குதித்தான் கொளஞ்சி.

“உங்க வேலையையும் சேத்து அவன்தானே செய்யுறான்? பாவங்க.”

“பாவமா? என் வேலைக்கே கண்ணு வெச்சிருக்கான் அவன்!”

அன்றிலிருந்து அன்புவோடு பேச்சை நிறுத்தினான். அவன் மேல் இருந்த வெறியிலேயே இன்னொரு கை சோற்றையும் குறைத்தான். சுபாஷினி அவன் பேண்ட்டை ரெண்டு தடவை பிடித்துத் தைத்தாள்.

“இன்னும் ஒரு கல்லு இருக்குது மாமா!”

கொளஞ்சி பல்லைக் கடித்தான்.

கார்த்திகை விளக்குக்குச் சூளை போடும் நாள் வந்தது. கொளஞ்சி அகல்களை அடுக்கிய பலகையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனான். கண்ணை மூடிக்கொண்டு காலை வைத்தான்.

கண்ணைத் திறந்தபோது உள்ளே நின்றான். எங்கேயும் இடிக்கவில்லை!

யூனிட்டே கை தட்டியது. வெளியே வந்து அன்பை ஒரு முறை முறைத்தான். இப்ப என்னடா சொல்லுற?

அதற்குள் முதலாளி வந்தார். “என்ன கொளஞ்சி, இப்ப தாராளமா இருக்குதா? நீ மாட்டிக்கிட்ட அன்னிக்கே அன்புகிட்ட சொல்லிட்டேன். நம்ம ஆளு கஷ்டப்படுறான், கார்த்திகைக்குள்ள பக்கத்துக்கு ஒரு கல்லு எடுத்து வாசலை அகலமாக்கிடுன்னு.”

கொளஞ்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “வேற ஆளு பாக்கப் போறேன்னு சொன்னீங்களாமே?”

“யாரு, நானா? உன்ன விட்டா இதை எவன் அடுக்குவான்? அன்பு அடுக்குனதுல பாதி கோணல்!”

அப்படியானால் தான் இளைக்கவே இல்லையா? வாசல்தான் பெருத்துப்போச்சா? விட்ட புரோட்டாவெல்லாம் வரிசையாகக் கண் முன்னால் வந்து நின்றது. அழுகையே வந்துவிட்டது.

திரும்பிப் பார்த்தான். அன்பு அங்கே இல்லை. மண் குழைக்கப் போய்விட்டான்.

கொளஞ்சி வாசலைத் தடவினான். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். அதே கரி. அதே பழைய பூச்சு. தொப்பையைக் கீறிய அந்த மூளிக் கல், இருந்த இடத்திலேயே இருந்தது.

முதலாளி எடுக்கச் சொன்ன கல்லில் ஒன்றைக்கூட அன்பு எடுக்கவில்லை.