பட்டியலில் இருப்பவர்களுக்கு மட்டும்

"பட்டியல்ல இல்லாத ஒரு ஈ, எறும்புகூட உள்ள வரக்கூடாதும்மா. புரிஞ்சுதா?"

மருத்துவமனை மேனேஜர் இதை நாலாவது முறையாகச் சொன்னார்.

"காது நல்லாத்தான் சார் கேக்குது" என்றாள் நெட்வொர்க் இன்ஜினியர், லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல்.

இதுவரை கட்டடம் முழுக்க ஒரே வைஃபை பாஸ்வேர்டு. தலைமை அலுவலகம் மாதாமாதம் மாற்றும். இன்றோடு அது முடிந்தது. இனி ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு. எந்த மாடியில் இருக்கும் வைஃபை பெட்டியும், அவள் லேப்டாப்பில் அமைத்துக்கொண்டிருக்கும் கன்ட்ரோலரைக் கேட்டுவிட்டுத்தான் ஆளை உள்ளே விடும்.

பெட்டிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். கடைசியாகப் பின்வாசல் படிக்கட்டுப் பெட்டி. அதில் மட்டும் பதினொரு போன்கள் இணைந்திருந்தன.

"இதெல்லாம் யாரு சார்?"

"கான்ட்ராக்ட் துப்புரவுப் பொம்பளைங்க. நாலு மணிக்கு டீ நேரம். ஊர்ல விட்டுட்டு வந்த பிள்ளைங்களோட வீடியோவுல பேசுவாங்க."

"அவங்களையும் சேர்த்துக்கலாமே?"

"நீ மொதல்ல பட்டியலைப் பாரும்மா."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

"எங்கம்மாவும் இப்படித்தான் சார். எங்கேயோ ஒரு படிக்கட்டுல உக்காந்து, யாரோ சொல்லிக்கொடுத்த பாஸ்வேர்டுல, தினமும் 'படிடி, படிடி'ன்னு என் உயிரை எடுத்தாங்க. எங்க வம்சத்துலயே மொத டிகிரி நான்தான். அந்தப் பாஸ்வேர்டைச் சொன்ன புண்ணியவான் யாருன்னுகூடத் தெரியாது. தெரிஞ்சா கையெடுத்துக் கும்பிடுவேன். அங்க உங்களை மாதிரி ஒரு ஆள் இருந்திருந்தா என் கதை என்ன ஆயிருக்கும்?"

"வாய் ரொம்ப நீளம் உனக்கு."

"அதை வச்சுத்தான் சார் இவ்வளவு தூரம் வந்தேன்."

ஆத்திரத்தில் பழைய பாஸ்வேர்டை நிறுத்தினாள். ஜன்னல் வழியே படிக்கட்டு தெரிந்தது. ஒருத்தி போனைத் தலைக்கு மேலே தூக்கி, "ஹலோ... தம்பி... கேக்குதா?" என்று கத்தினாள்.

மேனேஜர் பதறி எழுந்தார்.

"பட்டியலை ஏத்தாம அதை எதுக்கும்மா நிறுத்தின? ஏத்து, சீக்கிரம்!"

அவர் கொடுத்த பென்டிரைவைச் செருகினாள். டாக்டர்கள், நர்ஸ்கள், மருந்தகம், கணக்குப் பிரிவு... பெயர்கள் ஓடின. கடைசிப் பதினொன்றில் அவள் விரல் நின்றது. பிரிவு என்ற கட்டத்தில் 'பின்வாசல் படிக்கட்டு' என்று பதினொரு முறை அடித்திருந்தது.

அதற்குள், பெயரும் பாஸ்வேர்டும் எழுதிய பதினொரு துண்டுச் சீட்டுகளோடு வாசலைத் தாண்டியிருந்தார் மேனேஜர்.

"மாசாமாசம் பாஸ்வேர்டு மாறுறப்பல்லாம் ஒரு வாரம் கண்டவன்கிட்ட கெஞ்சினாங்கம்மா. இனி யாரும் அவங்களை வெளிய தள்ள முடியாது. அதுக்குத்தானே உன்னைக் கூப்பிட்டதே!"