ஆழமாக இழுங்கள்

நூற்பாலையில் உற்பத்தி குறைந்ததும், தொழிலாளிகளுக்கு ஊக்கம் வரவழைக்க மூச்சுப் பயிற்சியாளர் ஒருவரை நிர்வாகம் அழைத்து வந்தது. பெயர் நிகிலேஷ். மூன்று நாள் காலையில் பெண்களை வாசல் மரத்தடியில் உட்காரவைத்து, நான்கு எண்ணும்வரை மூச்சை இழுக்கவும் ஏழு எண்ணும்வரை அடக்கவும் சொல்லிக் கொடுத்தார். பத்தொன்பது வருடங்களாகப் பஞ்சுத் தூசியில் நின்று வேலை செய்த தெய்வானைக்கு மூன்றைத் தாண்டும் முன்பே இருமல் வந்துவிடும்.

"மனசு வைக்கணும்மா. மனசு வெச்சா மூச்சு தானா நிக்கும்" என்றார் அவர். பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். தெய்வானை சிரிக்கவில்லை.

கடைசி நாள் படம் எடுப்பதற்காக எல்லோரும் இயந்திரக் கூடத்துக்குப் போனார்கள். உள்ளே நுழைந்ததும் நிகிலேஷ் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"சார், அதை எடுத்துட்டு இங்க ஒருக்கா இழுத்துக் காட்டுங்களேன்" என்றாள் தெய்வானை. அவள் கேலி செய்யவில்லை. பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்றுதான் கேட்டாள். மிதந்துகொண்டிருந்த பஞ்சுத் துகள்களை நிமிர்ந்து பார்த்தவர், படத்தை வெளியிலேயே எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுவாரம் அவளைக் கழிவுப் பஞ்சு அறைக்கு மாற்றினார்கள். ஆலையிலேயே தூசி அதிகமான இடம் அதுதான்.

"உங்களுக்கு ஊக்கம் பத்தலைன்னு அந்த சார் எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்காருங்க அக்கா" என்றார் மேற்பார்வையாளர் சின்னராசு.

"எனக்கு இருமல் இருக்குதுன்னு எழுதலீங்களா?"

சின்னராசு அறைக் கதவைத் திறந்துவிட்டு, நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.