அங்க அடையாளம்

"நல்ல செய்தி!" என்றது குளியலறைக் கண்ணாடி. "தோல் முழுக்கத் தேடிவிட்டேன். ஒரு மச்சம்கூட இல்லை. மச்சத்தில் தொடங்கி உள்ளே பரவியிருந்தால்தான் ஆபத்து, ஆபரேஷனும் பயன்படாது. மெலனோமா என்கிற இந்தத் தோல் புற்றுநோய் உங்களுக்கு நுரையீரலிலேயே பிறந்திருக்கிறது. அபூர்வம்! நாளையே வெட்டி எடுத்துவிடலாம். ஆளைச் சரிபார்க்கப் பள்ளிச் சான்றிதழைக் காட்டுங்கள்."

மங்கையர்க்கரசிக்கு உயிர் வந்தது. கணவன் இளமாறன் சான்றிதழோடு ஓடி வந்தான். கண்ணாடிக்கு முன்னால் அதைப் படித்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"அங்க அடையாளம், வலது தோள்ல கறுப்பு மச்சம்னு போட்டிருக்கே. எங்கடி அது?"

"நீங்க பொண்ணு பார்க்க வர்றதுக்கு முன்னாடி அம்மாதான் லேசர்ல எடுக்க வெச்சாங்க. ஏங்க, அதுக்கென்ன இப்போ?"

இளமாறன் அவசரமாகச் சான்றிதழை மடித்தான்.

"மடிக்க வேண்டாம், சார்" என்றது கண்ணாடி. "படித்துவிட்டேன். ஆபரேஷனை ரத்து செய்கிறேன்."