அம்மோனியா இல்லாத ஓட்டம்

நூற்றெண்பது கெல்வின்.

வெப்பநிலை நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏறிக்கொண்டிருந்தது. திரையில் பச்சைக் கோடு தரையோடு தரையாகப் போனது.

அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

விடிந்ததும் எஃகு அறைக்குள் பனியை உறைய வைத்திருந்தாள். நட்சத்திரங்களுக்கு நடுவே மிதக்கும் தூசியின் மேல் படிகிற பனி போன்றது. அதன் மேல் ஒளியைப் பாய்ச்சினாள். எல்லாம் வழக்கம்போல. ஆனால் இன்று பனியில் அம்மோனியா கிடையாது. நைட்ரஜனே கிடையாது.

அதனால் அந்தப் பச்சைக் கோடு காட்டும் ஃபார்மமைடு என்ற சேர்மமும் வரக் கூடாது. நைட்ரஜன் இல்லாமல் அது பிறக்க வழியில்லை.

வந்தால், பனியில் பிறந்ததாக இரண்டு வருடம் அவள் சொன்னதெல்லாம் எஃகு அறையின் சுவரில் ஒட்டியிருந்த பழைய அழுக்கு.

மார்ச்சிலேயே செய்திருக்க வேண்டிய சோதனை. செய்தோம் என்று கட்டுரையில் ஒரு வரி இருந்தது.

அந்த வாரம் அப்பாவுக்கு ஆஞ்சியோ. ஊரிலிருந்து வந்து சோதனையை ஓட்டிக்கொள்ளலாம் என்று வரியை முதலில் எழுதினாள். வந்ததும் மறந்துபோனது.

மறந்துபோனது என்றுதான் ஆறு மாதமாகத் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

நேற்று கட்டுரை ஏற்கப்பட்டது. அவளுடைய வழிகாட்டி ஞானதுரை சார் துறை முழுக்கச் சொல்லிவிட்டார்.

சோதனையைச் செய்யவே இல்லை என்று இன்று காலை அவள் சொன்னது பக்கத்து மேஜை சல்மாவிடம் மட்டும்.

இருநூறு.

"பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரி அதையே மொறச்சுப் பாக்கற. கண்ணச் சிமிட்டுடி" என்றாள் சல்மா.

இருநூற்றுப் பத்து. பழைய ஓட்டங்களில் கோடு மலையாக எழும் இடம்.

எழவில்லை.

இருநூற்றிருபது.

இருநூற்று முப்பது.

எதுவும் இல்லாத ஒரு கோட்டை இவ்வளவு நேரம் யாரும் ரசித்திருக்க மாட்டார்கள்.

மேஜையில் தலையைச் சாய்த்தாள். தோள்கள் குலுங்கின. சல்மா முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"மார்ச்னு போட்டு சேவ் பண்ணு. அப்ப ஓட்டியிருந்தாலும் இதேதான் வந்திருக்கும்."

உண்மைதான். இதேதான் வந்திருக்கும்.

கணினி கோப்புக்குப் பெயர் கேட்டது. அந்த ஆய்வகத்தில் எல்லாக் கோப்புக்கும் தேதிதான் பெயர்.

இன்றைய தேதியை அடித்தாள்.

சல்மா அந்தத் தேதியைப் படித்தாள்.

"சார் ரூம்லதான் இருக்கார்" என்றாள்.

அவள் முகம் கழுவிக்கொண்டு சாரின் அறைக்கு நடந்தாள். தாழ்வாரம் முழுக்க வெயில். தட்டுவதற்குக் கையை உயர்த்தியபோது கொட்டாவி வந்தது. பெரிய கொட்டாவி. கண்ணில் நீர் வரும் அளவுக்கு.

அதை முழுதாக விட்டு முடித்தாள்.

பிறகு தட்டினாள்.