பந்தலுக்குக் கீழே ஒரு நாற்காலி

மாமனார் தணிக்கை வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். சந்தேகப்படுவதிலிருந்து இன்னும் ஓய்வு பெறவில்லை. மருமகள் டப்பாவைத் திறந்தாலும், போனை எடுத்தாலும் பின்னால் வந்து நிற்பார். "யாரும்மா போன்ல?"

கட்டாந்தரையாகக் கிடந்த கொல்லையில் அவள் கொடி நடக் குழி தோண்டியபோதே அவருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

பந்தல் எழுந்தது. அடுத்த கோடைக்குள் கொடி அடர்ந்து மூடி, கீழே ஜிலுஜிலுவென்று நிழல்.

"யாருக்கும்மா இவ்வளவு ஏற்பாடு?"

"உங்களுக்குத்தான் மாமா. சாய்வு நாற்காலி, ஃபேன் எல்லாம் வெச்சாச்சு. சாப்பாடுகூட இங்கயே கொண்டு வந்துடுறேன். நீங்க உள்ள வரவே வேண்டாம்."

மாமனாருக்குப் பொறி தட்டியது. மகனைக் கூப்பிட்டார்.

"பாத்தியாடா! இன்னிக்கு நாற்காலி, நாளைக்குக் கட்டில், அப்புறம் என் ரூமுக்குப் பூட்டு! நிழலைக் காட்டி என்னை வெளியில தள்ளப் பாக்குறா. உயிரே போனாலும் அந்தப் பந்தலுக்குக் கீழ கால் வைக்க மாட்டேன். சத்தியம்!"

உள்ளே போய்க் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டார்.

மகன் கையைப் பிசைந்தான். "சத்தியம் பண்ணிட்டா அப்பா மீறவே மாட்டாரே! நான் போய் சமாதானம் பண்ணட்டுமா?"

"மூச்சு விடாதீங்க!"

மருமகள் ஃபேனைப் போட்டாள். சாய்வு நாற்காலியில் காலை நீட்டிச் சாய்ந்தாள்.

"அந்தச் சத்தியத்தை வாங்கத்தாங்க இவ்வளவு நாளா தண்ணி ஊத்தினேன். அவர் பின்னால வந்து நிக்காத இடம்னு இந்த வீட்டுல ஒண்ணாவது எனக்கு வேணாமா?"