மாவு மூட்டைகளுக்குப் பின்னால்

“அந்தச் சுவர்ப் பக்கம் போகாதீங்க தம்பி! மூட்டை சரிஞ்சா நான் பொறுப்பில்ல” என்று மாவுக்கடைக்காரர் குறுக்கே வந்து நின்றார்.

அளவு நாடாவோடு வந்த நகராட்சி சர்வேயருக்குச் சந்தேகம் தட்டியது. பழைய வரைபடத்தின்படி போர்க்காலப் பதுங்குகுழியின் வாசல் இங்கேதான் எங்கோ இருக்க வேண்டும். மனிதர் அதற்குள் சரக்கு எதையாவது பதுக்கியிருக்கிறாரோ?

“நாலு நாளா சந்தைத் தெருவையே அலசிட்டேன் ஐயா. கேட்டா ஆளுக்கொரு திசையைக் காட்டுறாங்க. முப்பது உயிரைக் காப்பாத்தின உங்க பேரைக் கல்லுல வெட்டி, அந்த வாசல்ல பதிக்கப் போறாங்க. நீங்க என்னடான்னா...”

கல் என்றதும் கடைக்காரரின் முகம் செத்துப்போனது.

சல்லடையைக் கீழே வைத்துவிட்டு மனைவி எழுந்து வந்தாள். போரில் தாயைப் பறிகொடுத்து, ஒரு காதும் மந்தமாகிப் போனவளை அவர் விரும்பித்தான் கட்டிக்கொண்டார். இந்த நாற்பது வருடத்தில் இருவருமே போர்ப் பேச்சை எடுத்ததில்லை.

“அதான் இவ்வளவு கேக்குறாரே, காட்டுங்களேன்” என்றாள்.

அவர் ஒவ்வொரு மூட்டையாக நகர்த்தினார். துருவேறிய இரும்புக் கதவு தெரிந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“என் பேரைப் போடாதீங்க தம்பி. அன்னிக்குத் தாழ்ப்பாள் என் கையிலதான் இருந்துச்சு. சாத்தின பிறகு வெளியே யாரோ தட்டினாங்க. நான் திறக்கல.”

“உள்ள ஆள் நிறைஞ்சிருக்கும். நீங்க என்ன செய்வீங்க ஐயா?”

“இல்ல. இன்னும் பத்துப் பேர் தாராளமா உட்காரலாம். திறந்தா குண்டு உள்ள வந்துடுமோன்னு உயிருக்குப் பயந்துட்டேன். கூட இருந்தவங்களும் இன்னிவரைக்கும் வாய் திறக்கல. இந்தக் கதவு கண்ணுல படக்கூடாதுன்னுதான் இங்க கடையே போட்டேன்.”

மாவுக் கைகளால் முகத்தை மூடிக்கொண்டு அவர் குலுங்கி அழுதார். சர்வேயர் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நாடாவைச் சுருட்டினார்.

மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவர் தோளைத் தொடப் போன கை பாதியிலேயே நின்றது.

“இடமில்லைன்னு உள்ளேயிருந்து கத்தினீங்களே, அது பொய்யா?”

கத்தியதை அவர் சொல்லவே இல்லை. திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

“அதை நம்பித்தான் எங்கம்மா என்னை இழுத்துட்டு ஓடினாங்க.”