விழுந்தெழும்பி

"எழும்பாதேங்கோ! அப்பிடியே கிடவுங்கோ!"

இராசமலர் தொண்டை கிழியக் கத்தினாள். மேடையில் குப்புறக் கிடந்த கணவனுக்கு அது கேட்டதோ இல்லையோ, நடுவர் ஏழு எண்ணும்போது முழங்காலை ஊன்றினார். எட்டுக்கு எழும்பிவிட்டார்.

சனம் விசிலடித்தது. இதோடு ஆறு தரம் விழுந்தாயிற்று.

குத்து, உதை, மல்லு மூன்றும் கலந்த சண்டை. நூறு கிலோவுக்கு மேற்பட்டவர்களுக்கானது. நேரக் கணக்குக் கிடையாது. ஒருவர் பத்து எண்ணும்வரை கிடக்க வேண்டும், பிடி தாங்காமல் நிலத்தில் தட்ட வேண்டும், இல்லையென்றால் அவருடைய ஆள் தோல்வியை ஒப்புக்கொண்டு துவாய்த் துண்டை மேடைக்குள் எறிய வேண்டும். அதுவரை அடிதான்.

திருகோணமலையில் கனகசுந்தரத்தை விழுத்தியவர்கள் உண்டு, கிடத்தியவர்கள் இல்லை. "விழுந்தெழும்பி" என்று ஊரே பட்டம் வைத்திருந்தது. ஆனால் அது ஒரு காலம். இப்போது வயது நாற்பத்து மூன்று. துறைமுகத்தில் கோதுமை மா மூட்டை சுமந்து தேய்ந்த உடம்பு. இடது கண்ணில் இன்னொரு பலத்த அடி விழுந்தால் பார்வை போய்விடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

எதிரே நின்றவனுக்கு இருபத்தாறு வயது. படைமுகாமின் செல்லப்பிள்ளை.

தொண்ணூற்றேழாம் ஆண்டு, படைமுகாம்காரர் ஒழுங்கு செய்த நல்லெண்ணப் போட்டி இது. பாதித் திடலும் அவர்கள்தான். கடமையில் நிற்க வேண்டியவர்கள்கூடத் துவக்கைத் தோளில் கொழுவிக்கொண்டு வந்து பார்த்தார்கள். கனகசுந்தரத்தின் பெயர் அப்படி.

அந்தப் பெயர்தான் இராசமலருக்குச் சக்களத்தி. எத்தனை அழுதும் மனுசன் கேட்கவில்லை. "இந்த ஒருக்கா மட்டும், மலர்" என்று சொல்லிவிட்டு ஏறியவர்.

"றஊப் நானா, துவாயை எறியுங்கோ!"

மேடை மூலையில் துவாயோடு நின்ற றஊப், கனகசுந்தரத்தின் இருபது வருசக் கூட்டாளி.

"கொஞ்சம் பொறு தங்கச்சி."

"இன்னும் எவ்வளவு பொறுக்கிறது? கண்ணைப் பாருங்கோ, வீங்கி மூடுது!"

"இன்னும் கொஞ்சம்…"

அவர் மேடையைப் பார்க்கவேயில்லை. திடலுக்குப் பின்னால் தெரிந்த கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கூட்டாளி அடி வாங்குகிறான், இவர் நின்று காற்று வாங்குகிறார்! இராசமலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திடீரென்று திடல் முழுவதும் எழும்பி நின்றது.

இளைஞன் கால் சறுக்கிய நேரம் பார்த்துக் கனகசுந்தரம் பின்னால் போய்க் கழுத்தைப் பூட்டிவிட்டார். பழைய இரும்புப் பிடி. இளைஞனின் முகம் சிவந்தது. கை நிலத்தைத் தட்டத் தூக்கியாயிற்று.

'காளியாத்தை, இதோடு முடித்துவிடு' என்று இராசமலர் கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

கண்ணைத் திறந்தபோது பிடி விட்டுப்போயிருந்தது.

"சே! வழுக்கிட்டுது" என்றார் பக்கத்தில் நின்ற குணரத்தினம் மாஸ்டர். "வயசு போனால் வீட்டில இருக்க வேணும். பேராசை விடுதே?"

அவர் சொல்லி வாய் மூடவில்லை, இளைஞனின் முழங்கை கனகசுந்தரத்தின் இடது கண்ணில் விழுந்தது. மனுசன் மரம்போலச் சரிந்தார்.

இராசமலர் பாய்ந்து துவாயைப் பறிக்கப் போனாள். றஊப் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"நீங்களும் ஒரு மனுசரோ? அவற்ற பேருக்காக அவரையே சாகக் குடுக்கிறீங்களே!"

றஊப் மறுபடியும் கடலைப் பார்த்தார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. யாருக்கு வேண்டும் அந்தக் கண்ணீர்?

ஆறு… ஏழு… எட்டு…

ஒன்பதுக்குக் கனகசுந்தரம் எழும்பினார்.

எழும்பியது மட்டுமில்லை. இளைஞனின் இடுப்பைக் கட்டிப் பிடித்து, தலையை அவன் நெஞ்சில் முட்டுக் கொடுத்து, அசையாமல் நின்றார். அவனால் அடிக்கவும் முடியவில்லை, உதறவும் முடியவில்லை. நேரம் போகப் போக அவனுக்குத்தான் மூச்சு வாங்கியது. "இனி இவர்தான்!" என்று சனம் துள்ளியது.

அந்த நேரம் பார்த்து றஊப் துவாயை மேடைக்குள் எறிந்தார்.

திடலிலிருந்து மண் பறந்து வந்து றஊப்பின் தலையில் விழுந்தது.

"நிக்கிற ஆளுக்கு ஏன்டா துவாய்?"

"வித்துப்போட்டான்!"

உடுப்பு மாற்றுகிற தகரக் கொட்டிலுக்குள் கணவனைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் இருத்தியதும் இராசமலர் வெடித்தாள்.

"கிடக்கேக்க எறியேல்ல. வெல்லப் போகேக்கயோ எறியிறது? என்ன மனுசர் நீங்கள்?"

கனகசுந்தரம் கையைத் தூக்கி அவளை நிறுத்தினார். ரத்தம் வழிந்த வாயால் றஊப்பிடம் கேட்டார்.

"போயிட்டுதோ?"

"ஓம். முனை தாண்டிட்டு."

"என்ன போயிட்டுது?" என்றாள் இராசமலர்.

றஊப் கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"கடலுக்கு அங்கால இலங்கைத்துறையில பிள்ளையள் மலேரியாவில சாகுது தங்கச்சி. மருந்துக் குளிசை கொண்டுபோக ஆமிக்காரங்க விடுறாங்க இல்ல. என்ட தம்பி ஜவாஹிர் தோணியில கொண்டு போறான். நம்மட துறையில நிக்கிற காவல்காரர் எல்லாரும் இவர்ட சண்டை பாக்க இஞ்ச வந்துட்டாங்க."

இராசமலர் கணவனைப் பார்த்தாள்.

"அப்ப… அந்தக் கழுத்துப் பிடி வழுக்கேல்லையோ?"

கனகசுந்தரம் திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தார்.

"வெண்டாலும் சண்டை முடிஞ்சிடும், தோத்தாலும் முடிஞ்சிடும். உடன அவங்கள் துறைக்குத் திரும்பிடுவாங்கள், மலர். அதுதான் எனக்கு ரெண்டும் ஏலாமப் போச்சு."